நூற்றியோராவது பாக்கெட்

பஹ்ரைனிலிருந்து பம்பாய்க்கு வேலையாக வந்த தமிழன் அந்தக் காலத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மற்ற எல்லோரும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். எண்பத்தைந்தா எண்பத்தாறா என்று சரியாக ஞாபகமில்லை. மழை விட்டும் விடாமலும் இருந்த மாதம்.

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரிக்கு என்மேல் கோபமே வந்துவிட்டது. டேப்ரிக்கார்டர் இல்லை, சென்ட் இல்லை, தங்கம் இல்லை. இரண்டு சட்டை, இரண்டு கைலி, ஒரு ஃபைல். "கல்ஃபிலிருந்து வர்றவன் கையில ஒண்ணுமே இல்லேன்னா எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கான்னு அர்த்தம்" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் இந்தியில் சொன்னார். செருப்பை வளைத்துப் பார்த்தார்கள். எதற்காக வந்தாய் என்று கேட்டார். முறுக்கு வாங்க வந்தேன் என்றேன். அதற்கப்புறம் இன்னும் முக்கால் மணி நேரம் பிடித்தது.

ஆனால் நான் சொன்னது உண்மை. நான் வேலை பார்த்தது ஒரு பலசரக்குக் கடையில். முதலாளி பஹ்ரைன்காரர், அர்பாப் என்று கூப்பிடுவோம். விடுமுறை முடிந்து வந்த ஒருவன் தாராவியிலிருந்து கொண்டுவந்த முறுக்கில் இரண்டை அவருக்குக் கொடுத்துத் தொலைத்தேன். மனுஷன் பிடித்துக்கொண்டார். நூற்றிருபது பெட்டி, பெட்டிக்கு நூறு பாக்கெட், கப்பலில் வரவேண்டும் என்றார். அதைப் போடுகிற அக்காவை எனக்குத் தெரியும் என்று நான் வாயை விட்டேன். அப்படியானால் நீயே போய் ஏற்றிவிட்டு வா என்றார்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "முறுக்கு கப்பல்ல வந்தா நீ ப்ளேன்ல வா. அது வரலேன்னா நீயும் வராதே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என் விசா அவர் கையில் இருந்தது. மேலப்பாளையத்தில் என் சம்பளத்தை நம்பி உம்மா, வாப்பா, மூன்று தங்கச்சிமார் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்சியின் இடதுபக்கக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்து, வளைவில் இழுத்துப் பிடித்துக்கொள் என்றார் டிரைவர். மாட்டுங்கா லேபர் கேம்ப் வரைக்கும் அந்தக் கதவை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். அங்கே என் மச்சான் ஒருவன் இருந்தான், தோல் பை தைக்கிற வேலை. அவனும் முதலில் என் பெட்டியைத்தான் பார்த்தான். "கல்ஃப்லேருந்து வந்து கையை வீசிக்கிட்டு நிக்கிறியே, பக்கத்து ரூம்காரங்க என்ன நெனைப்பாங்க?" என்றான். அவன் மானத்தைக் காப்பாற்ற, காலியான ஒரு சென்ட் பாட்டிலைத் தேடியெடுத்து ஜன்னலில் வைத்தான்.

மறுநாள் காலை தாராவிக்கு நடந்தேன். செல்லத்தாயக்காவின் முறுக்குப் பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு ஆள் வந்தால் எதிரில் வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டிய சந்து. சங்கரன்கோவில் பக்கத்து மனுஷி, ஐம்பது வயதிருக்கும், குரல் மட்டும் லவுட்ஸ்பீக்கர். உள்ளே மூன்று அடுப்பு, இருபது பெண்கள். இரண்டு பேர் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, ரம்பத் தகட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் கவரின் வாயை மடித்துச் சுடரில் ஒரு இழுப்பு இழுப்பார்கள். கவர் ஒட்டிக்கொள்ளும். பஹ்ரைனில் இதற்கு ஒரு மெஷின் இருக்கிறது, வாரத்தில் பாதி நாள் அது ரிப்பேர்.

"வாங்க பாய்" என்றாள் அக்கா. "கப்பல்ல போற முறுக்கு, நமத்துப் போச்சுன்னா நாலு நாடு சிரிக்கும். டபுள் கவர் போட்டிருக்கேன். ஒரு மாசம் இல்ல, மூணு மாசம் கெடந்தாலும் கடக்குனு ஒடையும்."

பெட்டி கட்டும் வேலையில் நானும் உட்கார்ந்தேன். ஒரு பாக்கெட்டில் ஐந்து முறுக்கு. எண்ணி அடுக்கவேண்டும். தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது, நூறு. அப்புறம் எல்லார் கையும் இன்னொரு பாக்கெட்டை எடுத்து மேலே வைத்தது. என் கையும்தான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கடையில் கத்திரிக்காய் நிறுத்தாலும் மேலே ஒன்றைப் போட்டுத்தானே பைக்குள் சாய்ப்பார்கள். நூறு கேட்டால் நூறு மட்டும் கொடுப்பது ஏதோ கோபத்தில் கொடுப்பது மாதிரி இருக்கும். இப்படி இரண்டு நாள் பெட்டி கட்டினோம். என் ஃபைலில் இருந்த பேக்கிங் லிஸ்டில், நானே என் கையால் டைப் அடித்தது, பெட்டிக்கு நூறு என்று இருந்தது. அது வேறு, இது வேறு என்று இருந்துவிட்டேன். அங்கேதான் சனியன் உட்கார்ந்திருந்தது.

கப்பல் காகிதங்களைக் கவனிக்க ஒரு கிளியரிங் ஏஜெண்டு இருந்தார். கிருஷ்ணமூர்த்தி, மாட்டுங்காவில் பிறந்து மாட்டுங்காவிலேயே வழுக்கை விழுந்தவர். கையில் எப்போதும் குடை, குடைக்குள் சுருட்டி வைத்த காகிதங்கள். அவரைப் பார்க்க கோட்டைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது ரயில் மாறி ஏறிவிட்டேன். ஃபாஸ்ட் ரயில் மாட்டுங்காவில் நிற்காது என்று யார் கண்டது? வாசலில் நின்ற என்னை தாதரில் ஒரு கூட்டம் உள்ளே தள்ளியது, குர்லாவில் இன்னொரு கூட்டம் வெளியே தள்ளியது. நானாக ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. சட்டைப் பித்தான் இரண்டு மட்டும் ரயிலோடு போயிற்று.

மறுநாள் கிருஷ்ணமூர்த்தி என்னை மாட்டுங்கா ஸ்டேஷன் எதிரில் ஒரு காபி கிளப்புக்கு அழைத்துப் போனார். பஹ்ரைனில் நான் தின்ற இட்லியையெல்லாம் அன்றைக்குத்தான் மன்னித்தேன். அங்கே அது மாவு பூசிய கல். இங்கே சாம்பாரில் போட்டால் மிதந்தது. "சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஹார்பர்ல ஷெட்டை மூடிடுவான்" என்றார் அவர். "அதுக்குள்ள சரக்கு பாஸாகி உள்ள இருந்துட்டா கப்பல் ஏறின மாதிரிதான். நீங்கோ கவலையே படாதேள். முறுக்குல என்ன சார் தப்பு வந்துடப் போறது?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி துறைமுகத்துக்குள் போயிற்று. ஷெட்டில் எங்கள் நூற்றிருபது பெட்டிகளும் அழகாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் வெங்காய மூட்டைகள், அந்தப் பக்கம் கோதுமை. கஸ்டம்ஸ் அதிகாரி வந்தார். மெலிந்த மராட்டிக்காரர், வெளுத்த வெள்ளைச் சட்டை, யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டார் என்று கிருஷ்ணமூர்த்தி முன்னாடியே என் காதில் போட்டிருந்தார். ஏதோ ஒரு பெட்டியைக் காட்டித் திறக்கச் சொன்னார். பொறுமையாக எண்ணினார்.

"நூற்றியொன்று" என்றார்.

இன்னொரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதிலும் நூற்றியொன்று. மூன்றாவது பெட்டியிலும் அதுவே.

கிருஷ்ணமூர்த்தி சிரித்துக்கொண்டே முன்னால் போனார். "ஒண்ணு கூடத்தானே இருக்கு சார், குறையலையே? கல்யாணத்துல நாம நூத்தியோரு ரூபா வைக்கறதில்லையா?"

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நானும் நூற்றியொன்றுதான் வைப்பேன். ஆனால் கவரில் நூறு என்று எழுதமாட்டேன்" என்றார் இந்தியில்.

இரண்டே வழிதான் என்றார். காகிதத்தை நூற்றியொன்று என்று திருத்தவேண்டும், அல்லது எல்லாப் பெட்டியையும் திறந்து ஒவ்வொரு பாக்கெட்டை எடுக்கவேண்டும். காகிதத்தைத் திருத்த, பணம் தருகிற பஹ்ரைன் பேங்க் ஒப்புக்கொண்டு டெலக்ஸ் அடிக்கவேண்டும். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. நாளைக்கு இங்கே பேங்க் பாதி நாள். அங்கே மேனேஜர் வந்து, கண்ணாடியை மாட்டி, தாளைத் தேடுவதற்குள் இங்கே ஷட்டர் இறங்கிவிடும். ஆக பெட்டியைத் திறப்பதுதான் வழி. எனக்கு முதலாளியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அன்றைக்கு ராத்திரியே தாராவிக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை செல்லத்தாயக்கா ஆறு பெண்களோடு துறைமுக வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளே போக பாஸ் வேண்டும். பாஸில் என்ன வேலை என்று ஒரு கட்டம் இருந்தது. கிருஷ்ணமூர்த்தி கொஞ்ச நேரம் யோசித்து, ஏழு பேருக்கும் 'தொழில்நுட்ப நிபுணர்' என்று எழுதினார். வாசல் காவலர் அக்காவின் இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையையும் கையிலிருந்த மெழுகுவர்த்தியையும் பார்த்தார். வழி விட்டார்.

பெட்டிகளைத் திறந்தோம். ஒன்றை எடுத்தோம். சரியாக இருக்கிறதா என்று திரும்ப எண்ணி மூடினோம். முப்பது பெட்டி முடிந்ததும் அதிகாரி வந்து ஒன்றைப் பிரித்து எண்ணினார். நூற்றியொன்று. அவர் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா பெண்களைப் பார்த்தாள். நடந்தது இதுதான். திரும்ப எண்ணி நூறு வந்ததும், கை தன் பாட்டுக்கு மேலே ஒன்றை எடுத்து வைத்திருக்கிறது. முப்பது பெட்டியிலும்.

"நான் என்ன செய்யட்டும் பாய், கை கேக்க மாட்டேங்கே" என்றாள் அக்கா. பிறகு எழுந்து நின்றுகொண்டாள். "எனக்கு மனசே ஒப்பல. இத்தனை வருசமா யாருக்கும் கேட்டது கேட்டபடி நறுக்குனு எண்ணிக் குடுத்ததில்ல. மொத மொத கடல் தாண்டிப் போற சரக்கு. மேல ஒண்ணு இல்லாம நான் பெட்டிய மூட மாட்டேன்."

மணி பதினொன்றரை. நான் கெஞ்சினேன். என் விசாவைச் சொன்னேன், தங்கச்சிமாரைச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது, ஆனால் கை மட்டும் பெட்டிக்குப் போகவில்லை. கிருஷ்ணமூர்த்தி குடையை விரித்து மூடினார், விரித்து மூடினார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, என்ன தகராறு என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு இந்தியில் சொன்னார்:

"பெட்டி யாருடையது என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள்."

"எம் பெட்டிதான். காசு குடுத்து வாங்கினேன்" என்றாள் அக்கா.

"பெட்டியைத் திருப்பிக் கேட்பாளா?"

"அதெப்படிக் கேப்பேன்?"

"அப்படியானால் பாக்கெட் நூறு, பெட்டி ஒன்று. என் காகிதத்தில் பெட்டியைப் பாக்கெட் என்று யாரும் எண்ணவில்லை. அவள் எண்ணிக்கொள்ளட்டும்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். அப்புறம் உட்கார்ந்தாள். நூறு பாக்கெட்டை எண்ணி, மூடி, பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "நூத்தியொண்ணு" என்றாள். நூற்றிருபது தடவை தட்டினாள். அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் தப்பவில்லை.

மணி மூன்று. எடுத்த நூற்றிருபது பாக்கெட்டும் ஒரு சாக்கில் குவிந்து கிடந்தன. அப்பாடா என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். காவலர் கையை நீட்டினார், காகிதம் எங்கே என்று. இல்லை என்றேன். எந்தக் காகிதத்தில் இது உள்ளே வந்தது என்றார். காகிதமில்லாமல் வந்தது என்றேன். "அப்படியானால் இது உள்ளே வரவேயில்லை. உள்ளே வராதது எப்படி வெளியே போகும்?" என்றார். சாக்கைத் திரும்ப ஷெட்டுக்கே தூக்கிவந்தேன்.

ஷெட்டிலேயே விட்டுவிடலாமா என்றேன். உரிமை கோராத சரக்காகிவிடும், உங்கள் பெயரில் வாடகை ஓடும் என்றார் கிருஷ்ணமூர்த்தி. கடலில் போட்டால் குற்றம். அழிக்கவேண்டும் என்றால் சுகாதார அதிகாரி உத்தரவு வேண்டும், அவர் திங்கள்கிழமை வருவார். சாக்கு ஷெட்டில் இருக்கும்வரை எங்கள் சரக்கை பாஸ் பண்ண முடியாது. ஆறு மணிக்கு ஷெட்டை மூடிவிடுவார்கள்.

அதிகாரி பேனாவை மூடினார். "வாசலில் பையைத்தான் சோதிப்பார்கள். வயிற்றைச் சோதிக்கமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

நூற்றிருபது பாக்கெட், அறுநூறு முறுக்கு, மூன்று மணி நேரம். துறைமுகத்தில் ஆளுக்கா பஞ்சம் என்று சுமை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டேன். இருபது பேர் வந்தார்கள், பார்த்தார்கள், கும்பிட்டார்கள். சனிக்கிழமை, மாருதிக்கு உபவாசம், பொழுது சாய்ந்தபிறகுதான் வாயில் வைப்போம் என்றார்கள். உபவாசமில்லாதவர்கள் மூன்றே பேர், அதில் ஒருத்தருக்குப் பல் இல்லை. கிருஷ்ணமூர்த்திக்கு சனிக்கிழமை பெருமாளுக்கு ஒரு பொழுது. "நேக்குத் தர்மசங்கடமா இருக்கு சார்" என்று குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். புறாக்களுக்கு உடைத்துப் போட்டேன். கோதுமை ஷெட்டில் வளர்ந்த புறாக்கள், ஓமமும் காரமும் போட்ட முறுக்கைக் கால் விரலால் ஒதுக்கிவிட்டு நடந்தன.

ஆக நான், அக்கா, ஆறு பெண்கள், இரண்டரைத் தொழிலாளிகள். இருபது வருஷமாக முறுக்கு சுடுகிறவர்களுக்கு முறுக்கைக் கண்டாலே குமட்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "நான் ஒரு முறுக்கத் தின்னு எட்டு வருசம் ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே கடித்த ஒருத்தி, "நல்லாத்தான்யா இருக்கு" என்று ஆச்சரியப்பட்டாள். முதல் மூன்று பாக்கெட் ருசியாக இருந்தது. நாலாவதில் தாடை வலித்தது. ஆறாவதில் நாக்கு தோலாகிவிட்டது. குழாயடிக்கும் சாக்குக்குமாக நடந்துகொண்டிருந்தோம். பல்லில்லாதவர் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் குடித்தார். ஐந்து மணிக்கு சாக்கில் இன்னும் முப்பது இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாயில் முறுக்கோடு அழுதேன்.

ஐந்தரைக்கு அதிகாரி திரும்பி வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டார், வெங்காய மூட்டைமேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். "டியூட்டியில் தின்றால் லஞ்சம். இப்போது வெறும் பசி" என்று ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். அந்த மெலிந்த உடம்பு எட்டு பாக்கெட் வாங்கியது. கோதுமை ஷெட்டிலிருந்து நாலு பேரைக் கூட்டிவரச் சொன்னார். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சாக்கை உதறிக் காட்டினேன். அவர் பேட்ஜைத் திரும்பக் குத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நான் தின்றது பதினோரு பாக்கெட். வாசலில் காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார், வயிற்றைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன்னால் அக்காவிடம் போனேன். பஹ்ரைன் அறையில் கூட இருப்பவர்களுக்குப் பத்து பாக்கெட் வேண்டுமென்றேன். பையை வாங்கி எண்ணினால் பதினொன்று.

முறுக்கு கப்பலில் வந்தது, நான் அதற்கு முன்னாடியே ப்ளேனில் வந்துவிட்டேன். கடைப் பின்கட்டில் முதலாளி தன் கையாலேயே முதல் பெட்டியைப் பிரித்து எண்ணினார். நூறு. இரண்டாவதிலும் நூறு. பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கூடப் பார்த்தார்.

"சரியாக நூறுதானா?" என்றார். "பேரீச்சம்பழக்காரன்கூட ஒரு பிடி மேலே போடுவான். உங்கள் ஊர்க்காரி பெரிய கஞ்சம்."

என்னை என்ன சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அக்காவைக் கஞ்சம் என்றது எனக்குத் தாங்கவில்லை. துறைமுகம், சாக்கு, உபவாசம், புறா என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அறைக்கு ஓடிப்போய், பெட்டிக்கடியில் மிச்சமிருந்த அந்தப் பதினோராவது பாக்கெட்டை எடுத்து வந்து அவர் மேஜைமேல் வைத்தேன். "கப்பல்ல ஏற விடல. இது என்கூட ப்ளேன்ல வந்தது" என்றேன்.

அவர் பிரித்து ஒன்றைக் கடித்தார். கடக்கென்று உடைந்தது. ஐந்தையும் தின்றுவிட்டுக் கவரை உதறிப் பார்த்தார்.

"நல்ல மனுஷி" என்றார் அப்புறம். "அடுத்த ஆர்டரில் பெட்டிக்கு நூற்றியொன்று என்றே எழுதிவிடு. எல்லோருக்கும் நிம்மதி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உட்கார்ந்து நூற்றியொன்று என்று டைப் அடித்தேன். தாளை மெஷினிலிருந்து உருவும்போதுதான் உறைத்தது. நூற்றியொன்று கேட்டால் செல்லத்தாயக்கா நூற்றிரண்டு வைப்பாள்.

எழுந்து போய் முதலாளியிடம் பம்பாய்க்கு இன்னொரு டிக்கெட் கேட்டேன்.